திரும்பி வரும் பயணத்துக்கு யார் பொறுப்பு?

வளைகுடாவுக்கு வேலை தேடிச் சென்ற தமிழர்களின் வரலாற்றில் மும்பையின் சயானுக்கும் அதையொட்டிய தாராவிக்கும் தனி இடம் உண்டு. 1970-களில் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு வளைகுடாவின் முதன்மை வாயில் பம்பாய்தான். திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள், உறவினரின் ஒற்றை அறையில் தங்கி, ஏஜென்டின் அழைப்புக்காக வாரக்கணக்கில் காத்திருந்தனர். அழைப்பு வந்தால் விமான நிலையம் சில மைல் தொலைவுதான்.

அவர்களில் பலரை ஏற்றிச் சென்றது கல்ஃப் ஏர் நிறுவனத்தின் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானம். இறக்கைகளின் கீழ் இரண்டும் வாலில் ஒன்றுமாக மூன்று என்ஜின்கள். இரண்டு நடைபாதைகள் கொண்ட அகன்ற உடல். 250 பேருக்கு மேல் அமரலாம். பஹ்ரைன், கத்தார், அபுதாபி, ஓமன் ஆகிய நான்கு அரசுகளும் 1974-இல் கல்ஃப் ஏரின் கூட்டு உரிமையாளர்களாயின. 1976-இல் டிரைஸ்டார் வந்தது. எண்ணெய்ப் பணம் விமானத்தை வாங்கியது. அதன் இருக்கைகளை நிரப்பியவர்களில் நம் கொத்தனார்களும் தச்சர்களும் வெல்டர்களும் இருந்தனர்.

இந்த விமானம் பிழைத்ததே ஒரு நாடாளுமன்ற வாக்கெடுப்பால்தான். 1971 பிப்ரவரியில் என்ஜின் தயாரித்த ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. லாக்ஹீடும் மூழ்கும் நிலைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசு ரோல்ஸ் ராய்ஸை நாட்டுடைமையாக்கியது. அமெரிக்காவிலோ லாக்ஹீடுக்கு 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அளிக்கும் மசோதா, 1971 ஆகஸ்டில் செனட் சபையில் 49-க்கு 48 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. விமானம் செய்யும் தொழிலாளியின் வேலையைக் காக்க அங்கே ஒவ்வொரு வாக்கும் எண்ணப்பட்டது. அதே விமானத்தில் பயணம் செய்த நம் தொழிலாளிக்காக நமது நாடாளுமன்றம் என்ன செய்தது?

தோட்டக் கூலிகளை மனதில் வைத்து இயற்றப்பட்ட 1922-ஆம் ஆண்டுச் சட்டமே 1983 வரை நீடித்தது. அதன்பிறகு வந்த குடியேற்றச் சட்டம், ஏஜென்டுகளுக்குப் பதிவையும், குறைந்த கல்வி பெற்றவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்குச் செல்ல அரசின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. குறை கூற முடியாத நோக்கம்தான். ஆனால், சட்டத்தின் கவனம் முழுவதும் புறப்படும் வாயிலிலேயே குவிந்திருந்தது. போர் மூண்டாலோ, கொள்ளைநோய் பரவினாலோ, அவர் திரும்பி வரும் செலவு யாருடையது என்ற கேள்வி அந்தந்த நேரத்து அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அந்த விருப்பம் எப்படியெல்லாம் மாறியது என்பதற்கு மூன்று நிகழ்வுகளே போதும். 1990-இல் இராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது, அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் அழைத்து வந்தன. பயணிகளிடம் கட்டணம் வசூலிக்கப்படவில்லை. 2020-இல் கரோனா காலத்து 'வந்தே பாரத்' விமானங்களில் வேலையிழந்து திரும்பிய தொழிலாளர்கள் கட்டணம் செலுத்தியே ஏற வேண்டியிருந்தது. 2022-இல் உக்ரைனிலிருந்து மாணவர்களை மீட்ட 'ஆபரேஷன் கங்கா'வின் செலவை அரசே ஏற்றது. மாணவர்களுக்குச் செய்தது சரியே. தொழிலாளிக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதே கேள்வி.

கட்டணம் பற்றிக் கேரள, தமிழக உறுப்பினர்கள் அவையில் கேட்கும்போதெல்லாம் அமைச்சகம் ஒரே பதிலைத் தந்து வந்திருக்கிறது. 1994-இல் விமானக் கழகங்கள் சட்டம் நீக்கப்பட்டபின் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசின் வேலை அல்ல என்பதே அது. விடுமுறைக் காலக் கட்டணத்துக்கு அந்தப் பதில் பொருந்தலாம். ஆபத்துக் காலத்து மீட்புக்குப் பொருந்தாது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குச் சென்றுவிட்டது. 1990-இல் செய்ததுபோல் தன் சொந்த நிறுவனத்தின் பெரிய விமானங்களை உத்தரவிட்டு அனுப்பும் வசதி இனி அரசுக்கு இல்லை. எனவே சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய தேவை முன்பைவிட இப்போதுதான் அதிகம்.

அரசுக்கு இது தாங்க முடியாத சுமை என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. 2023-24-இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய தொகை சுமார் 11,870 கோடி டாலர். இதில் ஏறத்தாழ 38 சதவீதம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. தூதரகங்களில் அவர்களிடமே சிறு கட்டணம் வசூலித்து நடத்தப்படும் இந்தியச் சமூக நல நிதியும் 2009 முதல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து உதவி பெறுவது சலுகையாக உள்ளதே தவிர, உரிமையாக இல்லை.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021-இலும் 2025-இலும் வெளியுறவு அமைச்சகம் வரைவுகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மாற்றுச் சட்டம் எந்த வடிவில் வந்தாலும், போர், கொள்ளைநோய் போன்ற பேரிடரில் பதிவு பெற்ற தொழிலாளி தாயகம் திரும்பும் செலவு அரசின் பொறுப்பு என்ற ஒரு பிரிவு அதில் இடம்பெற வேண்டும். தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்.

டிரைஸ்டார் விமானங்கள் மொத்தம் 250 மட்டுமே தயாரிக்கப்பட்டன. 1990-களின் இறுதியில் கல்ஃப் ஏர் அவற்றைக் கைவிட்டது. கத்தார் 2002-இலும், அபுதாபி 2005-இலும், ஓமன் 2007-இலும் விலகிக்கொள்ள, அந்த நிறுவனம் பஹ்ரைனுக்கு மட்டுமே உரியதானது. விமானம் மாறியது, உரிமையாளர்கள் மாறினர், பம்பாய் மும்பையானது. சயானில் காத்திருந்தவரின் பேரன் இன்று சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நேராகவே பறக்கிறார். போகும் வழி எளிதாகிவிட்டது. திரும்பும் வழிக்கு உத்தரவாதம் தர வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை.