சீஷத்துவத்தின் நோக்கம்: மீஞ்சூரிலிருந்து ஒரு சபையின் நிலைப்பாட்டு அறிக்கை

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தின் அதிகாலை ரயில் மீஞ்சூரில் நிற்கும்போது, எங்கள் சபையாரில் சிலர் நைட் ஷிஃப்ட் முடித்து இறங்குகிறார்கள். சிலர் சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறார்கள். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று இவர்கள் பிழைப்பு பரந்து கிடக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் வர முடிவதில்லை.

ஆனால் எங்கள் வருடாந்தரக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "இந்த வருஷம் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்பதுதான். போன வருஷம் எடுத்தவர்கள் இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, மூப்பர்களாகிய நாங்கள் ஜெபத்தோடு கலந்து பேசி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

ஒருவர் இயேசுவிடம் கற்று, அவர் வாழ்ந்த விதமாய் வாழப் பழகி, கற்றதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வளர வேண்டும். சீஷத்துவத்தின் நோக்கம் இதுவே. ஒருவரையொருவர் பேர் சொல்லி அறிந்த உள்ளூர் சபையே அதற்கு உரிய இடம்.

மத்தேயு 28-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொடுத்த கட்டளையின் மையம் சீஷராக்குவது. புறப்பட்டுப் போவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதைச் சுற்றியே நிற்கின்றன. அந்த உபதேசமும் கைக்கொள்ளும்படியான உபதேசம்; தெரிந்துகொள்வதோடு அது முடிவதில்லை. புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவர்' என்ற சொல் மூன்றே இடங்களில் வருகிறது. 'சீஷர்' என்ற சொல்லோ இருநூற்றைம்பது தடவைக்கு மேல் வருகிறது. அந்தியோகியாவில் சீஷராக வாழ்ந்தவர்களுக்குத்தான் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் வந்தது. வாழ்க்கை முந்தியது, பெயர் பிந்தியது.

தமிழ்ச் சபை வரலாறு சொல்லும் பாடம்

மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மறு ஆண்டே அங்கே முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னும் சபைக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். அவர்கள் ஜெபிக்கத் தெரிந்தவர்கள், கீர்த்தனை பாடத் தெரிந்தவர்கள். பக்கத்தில் உட்காருகிறவரைச் சகோதரராக ஏற்கத்தான் அவர்கள் கற்கவில்லை. அந்தப் பாடம் இன்றும் முடியவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளே அதற்குச் சாட்சி.

இதற்கு மாறான சாட்சியும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரானார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிப்பது தங்கள் கடமை என்று அறிக்கையிடும்படி செய்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட கிராமத்து ஏழைகள். கற்ற அன்றே அவர்களையும் பிறருக்குச் சாட்சிகளாக நிறுத்தினார் அசரியா. சீஷர் சீஷரை உருவாக்குவது என்பதை அந்த வயற்காட்டுச் சபைகளில் நாங்கள் பார்க்கிறோம்.

எங்கள் நடுவில் கண்டது

ஒரு வியாழக்கிழமை இரவு, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நான்கு பேர் மொட்டைமாடியில் கூடினார்கள். பிளாஸ்கில் டீ, நடுவில் ஒரு வேதாகமம். அவர்களில் இளையவர் காண்டிராக்ட் ஃபிட்டர். "செயின் பிளாக்கைப் பார்க்காமலே செக்-லிஸ்ட்ல கையெழுத்து போடச் சொல்றாங்கண்ணே, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அன்று பாட்டு இல்லை. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வதைப் பற்றியே நள்ளிரவு வரை பேசினார்கள். மறுநாள் அவர், "பார்த்துட்டுதான் போடுவேன் சார்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அவருக்கு ஓவர்டைம் கிடைக்கவில்லை. அந்த மாத அறை வாடகையில் குறைந்ததை மற்ற மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். நாங்கள் மேடையிலிருந்து பல வருஷம் பேசியும் கற்றுக்கொடுக்க முடியாததை அந்த மொட்டைமாடி கற்றுக்கொடுத்தது.

நாங்கள் ஏற்காதவை

பன்னிரண்டு வாரப் பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுத்ததும் சீஷத்துவம் முடிந்தது என்பதை ஏற்கவில்லை. பாடம் வேண்டும், அது வாசற்படி மட்டுமே.

போதகருக்கு ஆள் சேர்ப்பதை ஏற்கவில்லை. கல்யாணம், வேலை, கடன் எல்லாவற்றுக்கும் "பாஸ்டர் என்ன சொல்றார்" என்று காத்திருப்பவர் வளரவில்லை. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்த கொரிந்தியரைப் பவுல் கடிந்துகொண்டார். அந்தக் கடிந்துகொள்ளுதல் எங்களுக்கும் உரியது.

பிழைப்புக்காக பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வந்திருப்பவர்களுக்கு அரிசியையோ மருந்தையோ காட்டி ஆராதனைக்கு அழைப்பதை ஏற்கவில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவது கடமை. அதற்கு நிபந்தனை வைத்தால் அது அன்பும் ஆகாது, சுவிசேஷமும் ஆகாது.

சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவதையும் வரதட்சணை வாங்குவதையும் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிடுவதை ஏற்கவில்லை. சீஷத்துவம் நுழையக்கூடாத அறை விசுவாசியின் வீட்டில் இல்லை.

நாங்கள் செய்ய ஒப்புக்கொண்டவை

1. ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரோடும் முதிர்ந்த விசுவாசி ஒருவர் ஓராண்டு கூட நடப்பார். பெண்களோடு பெண்கள் நடப்பார்கள்.

2. ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ப, வாரத்தில் மூன்று வேளைகளில் வீட்டுக் குழுக்கள் கூடும். வர முடியாதவரைக் குறை சொல்லாமல், அவர் இருக்கும் நேரத்துக்குச் சபை போகும்.

3. தாமாக விரும்பி வரும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கள் மொழியிலேயே வேதம் வாசிக்க இடம் கொடுப்போம். அவர்களிடமிருந்து நாங்களும் கற்போம்.

4. மூப்பர்களும் கேள்விக்கு உட்படுவோம். சபைக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையார் முன் வாசிக்கப்படும்.

5. சாதியும் வரதட்சணையும் பேசப்படும் திருமணங்களுக்கு மூப்பர்களாகிய நாங்கள் முன்நிற்க மாட்டோம். எங்கள் பிள்ளைகளின் திருமணத்திலிருந்தே இதைத் தொடங்குவோம்.

வட்டாரத்துச் சகோதர சபைகளும் இவற்றை ஆராய்ந்து பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த வருடாந்தரக் கூட்டத்தில் ஞானஸ்நானக் கணக்கு வாசிக்கப்படும் முன், போன வருஷம் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேர் சொல்லி விசாரிப்போம். அவர்களோடு நடந்தவர்கள் எழுந்து பதில் சொல்வார்கள்.

கர்த்தருடைய பணியில்,
சபையின் போதகரும் மூப்பர்களும்
மீஞ்சூர்