ஸ்பிரிங்கையும் சட்டம் பார்க்க வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூம்புகார் தொடங்கி மயிலாடுதுறை, திருவாரூர் வரை சம்பா வயலெல்லாம் பறவைகளால் வெளுத்துவிடும். கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வரப்போரம் இறங்கி நண்டையும் நத்தையையும் பொறுக்கும். கோடியக்கரைக்கும் வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வலசை வரும் பறவைகளும் சரணாலய எல்லைக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை; அவற்றில் பல இரை தேடிச் சுற்றுப்புற வயல்களுக்குத்தான் வருகின்றன. இதே மாதங்கள்தான் பறவை வேட்டைக்கும் பருவம். வலையும் கண்ணியும் விஷம் தடவிய இரையும் நெடுநாளாக இருப்பவை. அவற்றோடு இப்போது ஏர்கன்னும் சேர்ந்திருக்கிறது. ஏர்கன்னைவிட என்னைக் கவலைப்படுத்துவது அதில் பிறகு பூட்டப்படும் பொருள்கள்: கூடுதல் விசையுள்ள ஸ்பிரிங், சைலன்சர், மேலே மாட்டும் டார்ச். துப்பாக்கியை அளந்து விலக்கு கொடுத்த சட்டம், அந்த அளவையே மாற்றிவிடும் உதிரிபாகத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. இந்தப் பத்தியில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் விலக்கு என்ன என்று பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழாயின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. இந்தச் சலுகைக்கு நியாயம் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒரு ஒலிம்பிக் விளையாட்டு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பதக்கங்களைக் குவித்ததும் இதே பிரிவில்தான். பழகிப் பார்க்க விரும்பும் இளைஞரைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அலைய விடாமல் இருப்பது நல்லதே. ஆனால் இந்தச் சலுகை முழுவதும் ஒரே ஒரு எண்ணின்மேல் நிற்கிறது. அந்த எண் கடையில் விற்ற நாளில் மட்டும் உண்மையாக இருந்தால் போதாது; துப்பாக்கி புழக்கத்தில் இருக்கும் காலம் முழுவதும் உண்மையாக இருக்க வேண்டும்.

அது எவ்வளவு எளிதில் பொய்யாகும் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று காட்டும். ஏர்கன்னில் போடும் ஈயக் குண்டு சுமார் அரை கிராம் எடை. ஒலிம்பிக் ரைஃபிளிலிருந்து அது நொடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் ஏழரை ஜூல் அளவுக்குத்தான் வரும். காகித அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் தேவையில்லை. அதே குண்டு நொடிக்கு 280 மீட்டரில் பறந்தால் ஆற்றல் 19.6 ஜூல், விலக்குக்குள் நூலிழையில் நிற்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் மட்டும் கூட்டினால், அதாவது 308 மீட்டராக்கினால், ஆற்றல் 23.7 ஜூலுக்குத் தாவிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறுவதால் வரும் வினை இது. நேற்றுவரை உரிமம் தேவைப்படாத பொருள் இன்றைக்கு உரிமம் இல்லாத ஆயுதமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லையை ஒட்டிச் செய்யப்பட்ட துப்பாக்கிக்கு இந்தப் பத்து சதவீதம் பெரிய விஷயமே இல்லை. குழாயை மடக்கி இழுத்து லோடு செய்யும் துப்பாக்கியில் இன்னும் கடினமான ஸ்பிரிங்கும் இறுக்கமான பிஸ்டன் சீலும் போட்டால் வேகம் ஏறும். சிலிண்டரில் காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் பிசிபி வகையில் இன்னும் சுலபம். கார் டயரில் சுமார் 2 பார் அழுத்தம் இருக்கும் என்றால், அந்தச் சிலிண்டர்களில் 200 பார் வரை அடைக்கிறார்கள். வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கை ஆலன் கீயால் முறுக்கினாலே பல துப்பாக்கிகளில் வேகம் கூடும்.

மற்ற துணைப்பொருள்கள் ஆற்றலைக் கூட்டுவதில்லை. பறவைக்கு இருந்த தற்காப்பைப் பறிக்கின்றன. கூட்டமாக வாழும் பறவைக்குச் சத்தம்தான் எச்சரிக்கை. ஒரு வெடி கேட்டால் மரத்தில் அடைந்த கொக்கு முழுவதும் எழுந்துவிடும். சுடுகிறவருக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிகம். பிசிபி துப்பாக்கியின் பெரும்பகுதி ஓசை குழாய் முனையில் காற்று சீறுவதால் வருவது. முனையில் சைலன்சரைத் திருகினால் அந்தச் சீற்றம் உள்ளேயே அடங்கிவிடும். பக்கத்துக் கிளையில் இருந்த துணை கீழே விழுந்ததைக்கூடப் புரிந்துகொள்ளாமல் மற்றவை உட்கார்ந்திருக்கும். இரவில் டார்ச் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடித்தால் பல பறவைகள் கூசிப்போய் அசையாது. அதற்கு மேல் ஸ்கோப்பும் இருந்தால் எட்டத்திலிருந்தே குறி தவறாது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணப் பொருள்களாகத் தெரியலாம். ஒரே துப்பாக்கியில் சேரும்போது, ஒரு அடைமரத்தை ஒரே இரவில் காலி செய்யும் கருவியாகிவிடுகின்றன.

இதில் காவிரி டெல்டாவுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு வயலே பதில் சொல்லும். வரப்பில் வளை போட்டுத் தண்ணீரைக் கசியவிடும் நண்டையும், இளம் நாற்றைக் கடிக்கும் பூச்சியையும், கதிரை அறுக்கும் எலியையும் கூலி கேட்காமல் பிடித்துத் தின்பவை பறவைகள். அதனால்தான் நெல் வயலில் பறவைத் தாங்கி நட வேண்டும் என்று வேளாண்மைத் துறை சொல்கிறது. இங்குள்ள விவசாயிகளும் ஆந்தையும் கரிச்சானும் வந்து உட்காரட்டும் என்று பனை மட்டையையும் மூங்கில் குச்சியையும் வயலில் ஊன்றிவைக்கிறார்கள். ஒருவர் பறவையை வரவேற்கக் குச்சி நடும் வயலில் இன்னொருவர் சத்தமில்லாமல் அதைச் சுட்டு வீழ்த்துவது, பயிர் வைத்தவருக்குச் செய்யும் அநியாயம். தவறிய குண்டுகளும் கேடுதான். அவை ஈயம். ஈயம் மட்கிப்போவதில்லை, சேற்றில் கிடக்கும் அதைக் கல்லென்று விழுங்கும் வாத்தினங்களுக்கு அது நஞ்சு. வேட்டைத் துப்பாக்கிகளில் போடும் ஈயச் சன்னங்களால் ஏற்பட்ட இந்தக் கேட்டைக் கண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் அவற்றைத் தடை செய்திருக்கிறது.

வயலில் வாழும் உயிர்களின் மேலான அக்கறைக்கு இந்த மண்ணின் நினைவிலும் இடமுண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் காவிரிக் கரையோடு நடக்கத் தொடங்கும்போது, உடன் வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் வழியில் உள்ள இடர்களை எடுத்துச் சொல்கிறார். வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் காலடியில் பட்டு நசுங்கக்கூடும் என்பதும் அவர் சொல்லும் இடர்களில் ஒன்று. அதே வயலில் அந்த நத்தையைத் தின்ன வரும் நாரையைப் பற்றி இன்றைக்கு நமக்கு அந்த அளவு அக்கறையாவது வேண்டாமா?

சட்டம் இந்த விஷயத்தில் வெறுங்கையோடு இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குக் கொடுக்கும் வரையறையில், வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ குண்டை எறியும் எல்லாமே வருகின்றன. அதன் பாகங்களும், ஓசையையோ சுடர் வீச்சையோ குறைக்கும் துணைப்பொருள்களும் அதே வரையறைக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உதிரிபாகத்தால் வரும் ஆபத்தைச் சட்டம் எழுதியவர்கள் அப்போதே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்த விலக்கு குறைந்த ஆற்றல் கொண்ட துப்பாக்கிக்குத் தரப்பட்டது. அதன் நிழலில் சைலன்சரும் ஸ்பிரிங்கும் நுழைந்துகொள்ள இடம் தரக் கூடாது. இன்னொரு பக்கம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல, கொல்ல முயல்வதும் வேட்டைதான். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் அபராதங்களும் உயர்ந்துள்ளன. ஆக, பறவையைச் சுடுவது குற்றம் என்பதில் குழப்பமில்லை. அதற்கான கருவி உருவாகும் இடத்தில்தான் கண்காணிப்பு இல்லை.

பிற நாடுகள் இந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன. ஜப்பானில் ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் மணிகளைச் சுட்டு விளையாடும் பெரிய பொழுதுபோக்கு. அசல் துப்பாக்கியைப் போலவே தோன்றும் அவற்றுக்கு ஸ்பிரிங், குழாய், ஸ்கோப் என்று துணைப்பொருள்களின் சந்தையே தனியாக இருக்கிறது. ஆற்றல் கூட்டப்பட்ட துப்பாக்கிகளால் குற்றங்கள் நடந்ததைத் தொடர்ந்து, 2006-இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, வழக்கமான 6 மில்லிமீட்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜூல் என்று உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டும்படி மாற்றியமைத்த துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாயிற்று. விளையாட்டும் சந்தையும் அதனால் அழிந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஏழரை ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கியில் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற முத்திரை பொறிக்கப்படுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்து 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் கேட்கிறது.

இதற்கு எழும் ஆட்சேபங்களில் முதலாவது, விளையாட்டு வீரர்களுக்கு இது தொல்லை என்பது. மதிக்க வேண்டிய ஆட்சேபம். திருச்சி ரைஃபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்தபோது டெல்டாவுக்கு அருகிலேயே இந்த விளையாட்டுக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் போட்டி வீரர் தன் துப்பாக்கியில் எதை மாற்றுகிறார் என்று பாருங்கள்: தோளில் அண்டும் தகடு, கன்னம் பதியும் மேடு, விரலுக்கேற்ற டிரிக்கர், கண்ணுக்கேற்ற துவாரக் குறிகாட்டி. எல்லாம் ஆளுக்குத் துப்பாக்கியைப் பொருத்தும் வேலை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது. எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. கூடுதல் வேகத்தால் அங்கே ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது. கோடு போட வேண்டிய இடம் இதுதான். உடம்புக்கும் கண்ணுக்கும் பொருத்தும் பொருள்கள் தாராளமாக விற்கட்டும். குழாயைவிட்டு வெளியேறும் குண்டின் ஆற்றலையும் அதன் ஓசையையும் மாற்றும் பொருள்கள்தான் கணக்கில் வர வேண்டும். ஸ்கோப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை. வேறு வகைப் போட்டிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் விவசாயிகளுடையது. பால் பிடிக்கும் நெற்கதிரைச் சிட்டுகளும் கிளிகளும் கொத்துவது உண்மை. அந்த நஷ்டத்தை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் பயிரைக் காப்பது என்றால் கூட்டத்தை விரட்ட வேண்டும். தகரம் தட்டுவதும் மினுக்கும் நாடா கட்டுவதும் அதற்காகத்தான். சத்தம் வராத துப்பாக்கி ஒன்றைக் கொன்று தொண்ணூற்றை அங்கேயே மேயவிடும். பயிர்ப் பாதுகாப்புக்குச் சைலன்சர் எந்த வகையிலும் உதவாது. அது உதவுவது வேட்டைக்கு மட்டும்தான்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: வலையிலும் விஷத்திலும் சாகும் பறவைகளோடு ஒப்பிட்டால் ஏர்கன் எம்மாத்திரம்? நானும் வலையைப் பெரிய ஆபத்தாகவே கருதுகிறேன். ஆனால் வலை கட்ட கம்பு ஊன்ற வேண்டும். விஷம் வைத்தால் மறுநாள் வரப்பெல்லாம் பிணம் கிடக்கும். வனக்காப்பாளர் கண்ணில் அவை படும். ஓசையற்ற துப்பாக்கி தடயம் விடுவதில்லை. சுட்டவர் பறவையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டால் குற்றம் நடந்ததே தெரியாது. வயலில் பிடிக்க முடியாததை விற்பனை மேசையில் பிடிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நரிக்குறவர் சமூகத்தின் மேல் விரல் நீட்டுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமல்ல. விலையுயர்ந்த பிசிபி துப்பாக்கியும் ஸ்கோப்பும் சைலன்சரும் வாங்குகிறவர் பசிக்காக வேட்டையாடுபவராக இருக்க வாய்ப்பே குறைவு.

செய்ய வேண்டியவை எளியவை. காற்றுத் துப்பாக்கிக்கான சைலன்சருக்கு விலக்கு இல்லை என்பதை ஒன்றிய உள்துறை ஒரு வரியில் தெளிவாக்க வேண்டும். ஆற்றலைக் கூட்டும் ஸ்பிரிங், வால்வு, பிஸ்டன் தொகுப்புகளை விற்பவர் வாங்குபவரின் வயதையும் அடையாளத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் அதன் ஆற்றல் அளவு பொறிக்கப்பட வேண்டும்; மாவட்டத்துக்கு ஒரு வேகமானி இருந்தால் சந்தேகம் வரும்போது அளந்து பார்த்துவிடலாம். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் தொடங்கிய ஏர்கன் ஒப்படைப்பு இயக்கத்தில் மக்கள் தாமாகவே 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார்கள். வேட்டை வாழ்க்கை முறையாகவே இருந்த மலைநாட்டில் நடந்தது, நெல் விளையும் சமவெளியில் நடக்க முடியாதா? மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர்களும் வனத்துறையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அப்படியோர் இயக்கத்தைத் தொடங்க வேண்டும். ஊராட்சிகள் கிராமசபையில் அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றலாம். வீட்டில் ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அட்டையில் சுட்டுப் பழகுங்கள், கிளப்பில் சேருங்கள், போட்டிக்குப் போங்கள். சைலன்சரையும் கூடுதல் ஸ்பிரிங்கையும் மட்டும் வாங்காதீர்கள்.