யாருக்குக் காது குத்துகிறார்கள்?

நமது நாட்டில் ஒருவனை ஏமாற்றுவதற்குக் “காது குத்துவது” என்று ஏன் பெயர் வந்தது என்பது பற்றிப் பண்டிதர்கள் என்ன சொல்லுவார்களோ நமக்குத் தெரியாது. ஆனால் காதுகுத்துக் கலியாணம் ஒன்றைக் கூட இருந்து பார்த்தவனுக்கு அந்தப் பெயர் பொருத்தமானது என்பதில் யாதொரு சந்தேகமும் இருக்க முடியாது.

பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். நாள், நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் அத்தனையும் பார்க்கிறார்கள். குலதெய்வத்துக்கு மொட்டை, கிடா வெட்டு, மேளம், பந்தல், பத்திரிகை, தெருமுனையில் ஆள் உயரப் படம், மொய் எழுத ஒரு நோட்டு, எழுதுவதைச் சரிபார்க்க இன்னொருவர். இவ்வளவும் பார்க்கிற கூட்டத்தில் அந்த ஊசியைப் பார்க்கிறவர் ஒருவராவது உண்டா என்று கேட்கின்றோம். கிடா வெட்டும் அரிவாளைக் கழுவித் தீட்டி மாலை போட்டு வைக்கிறார்கள். குழந்தையின் சதைக்குள் போகிற கம்பியை ஆசாரியார் வேட்டி நுனியில் துடைத்துக் கொள்ளுகிறார். ஆசாரியார் மேல் குற்றம் சொல்லுவதற்கில்லை. அவர் கைத்தொழில் நகை செய்வது, வைத்தியம் அல்ல. அவரிடம் வைத்தியத்தை ஒப்படைத்தவர்கள் நாம்.

இதை ஊரார்மேல் பழி போட்டு எழுதிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் ஐந்து வருஷத்துக்கு முன் என் தங்கையின் குழந்தை, பதினோரு மாதப் பெண், என் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. நான் தாய்மாமன். மேடைமேல் ஏறி மணிக்கணக்காய்ச் சடங்குகளைக் கண்டிக்கிறவன், தங்கை கண் கலங்கினாள் என்பதற்காகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டது; எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் இடது காது வீங்கிற்று. பாட்டி “கண்ணேறு” என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பிறகு மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். அடுத்த நாள் தேங்காயெண்ணெய். அதற்கடுத்த நாள், ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று தோட்டைப் பிடித்துத் திருகித் திருகி விட்டார்கள். குழந்தைக்குச் சுரம் கண்ட பின்புதான் டாக்டரிடம் போனோம். திருகாணியைக் காணோம். கழன்று விழுந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தது, வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. மரத்துப் போக ஊசி போட்டுக் கீறித்தான் எடுத்தார். “திருகாணியை இவ்வளவு இறுக்கி வைத்தது யார்?” என்று அவர் கேட்டாரே ஒழிய, கண் வைத்தது யார் என்று கேட்கவில்லை.

நிற்க, காது குத்துவது என்றால் என்ன? அது ஒரு புண். கத்தியால் அறுத்துக்கொண்டால் புண் என்கிறோம். தங்கக் கம்பியால் குத்திக்கொண்டால் மங்களம் என்கிறோம். உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தோல், துளையின் இரண்டு வாய்களிலிருந்தும் உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து சந்திக்க வேண்டும். காதுமடலின் சதைப் பாகத்தில் இதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். மேல்காதின் குருத்தெலும்புக்கோ மாதக்கணக்காகும். ஒரு வருஷம் பிடிப்பதும் உண்டு. வெளிவாய் ஆறி, உள்ளே பச்சைப் புண்ணாக இருக்கிற காலம்தான் நீண்ட காலம். அந்தக் காலத்தில் தோட்டைத் திருகினால், வளர்ந்த இளந்தோல் கிழிகிறது. கழற்றிவிட்டு ஈர்க்குச்சியைச் செருகினால், துடைப்பத்தில் உள்ள அழுக்கெல்லாம் உள்ளே போகிறது. எண்ணெய் பூசினால் தூசி ஒட்டுகிறதும் அல்லாமல், கசிகிற நீர் வெளியே வரவும் வழியில்லாமல் போகிறது.

மஞ்சள் கிருமியைக் கொல்லாதா என்பார்கள். ஆராய்ச்சிச் சாலையில் மஞ்சளின் சத்து சில கிருமிகளைத் தடுக்கிறது என்பது மெய்தான். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் எல்லோர் கையும் படுகிற மஞ்சள்பொடி ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்ததல்லவே!

சாம்பலும் சாணமும் பற்றி ஒரு வார்த்தை. ரணஜன்னிக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் கூடச் சாகாது. முன் காலத்தில் அரிவாளால் தொப்புள் கொடியை அறுத்துச் சாணிச் சாம்பல் வைத்து, ஏழாம் நாள் எட்டாம் நாள் குழந்தை விறைத்துச் செத்தால் பேய் அடித்தது என்றார்கள். தாய்க்குத் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் வந்தன, பேய் ஓடிற்று. இந்தியாவில் தாய், சேய் ரணஜன்னி ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று 2015-ஆம் வருஷத்தில் உறுதி செய்யப்பட்டது. எந்தக் கோயில் தாயத்து அதைச் செய்தது? ஆதலால் காது குத்துகிறவர்கள், 6, 10, 14-ஆம் வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகள் முடிந்தனவா என்று முதலில் பார்க்கட்டும். பஞ்சாங்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அல்லது பாராமலே விடலாம்.

“இது நம் முன்னோர் கண்ட விஞ்ஞானம்; சுசுருதரே எழுதியிருக்கிறார்” என்று இப்பொழுது கைபேசியில் அனுப்புகிறார்கள். சரி, எழுதியிருக்கிறார். ஆறாம் மாதம் அல்லது ஏழாம் மாதம், நல்ல நாள் என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் சூரிய வெளிச்சத்தில் மடலைப் பிடித்து இடம் பார்த்துக் குத்தச் சொன்னதும் அவரே. தப்பான இடத்தில் குத்தினால் வரும் கேட்டைச் சொன்னதும் அவரே. அறுந்துபோன காதைச் சேர்த்து ஒட்ட 15 வகை சொன்னதும் அவரே. காது அறுந்த ஜனங்கள் அவரிடம் நிறைய வந்திருக்க வேண்டும்! அவர் காலத்துக்கு அவர் கண்ணால் பார்த்துச் செய்தார். நம் ஆட்கள் அவருடைய கண்ணை விட்டுவிட்டு நல்ல நாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காகப் புது நாகரிகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நகைக் கடைகளில் துப்பாக்கி போன்ற கருவியால் “டப்” என்று அடிக்கிறார்களே, அதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்; 121 டிகிரி நீராவியில் வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. மழுங்கிய முனை சதையை நசுக்கிக்கொண்டு போகிறது. குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது. மேலே உள்ள மெல்லிய உறைதான் சோறு போடுகிறது. அது கெட்டால் காதே சுருங்கிப் போகும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் 2000-ஆம் வருஷம் ஒரு சிறு நகைக் கடையில் குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு இப்படிச் சீழ் பிடித்தது நிரூபணமாயிற்று. தேடிப் பார்த்ததில் கிருமிநாசினி மருந்து தெளிக்கிற புட்டியிலேயே கிருமி இருந்தது! மருந்து என்று எழுதியிருந்தால் போதும் என்பதும் ஒரு மூட நம்பிக்கைதான்.

பின் என்னதான் செய்வது என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். உறை பிரிக்காத புது ஊசியால், கையுறை போட்ட கையால் குத்த வேண்டும். முதல் நகை கவரிங்காக இருக்கக் கூடாது. அதிலுள்ள நிக்கல் பலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஐரோப்பாவில் 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். நிக்கல் கலவாத தங்கம் அல்லது டைட்டானியம் போதும். வீக்கத்துக்கு இடம் விட்டுத் திருகாணியைத் தளர வைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் யாரும் தொடக் கூடாது. பார்க்க வந்த அத்தையும்தான். தினம் இரண்டு வேளை, மருந்துக் கடையில் விற்கிற உப்பு நீரால் (100 மில்லியில் 0.9 கிராம் உப்பு உள்ளது) நனைத்துச் சுத்தமான துணியால் ஒற்றி உலர விட வேண்டும். ஸ்பிரிட் வேண்டாம், நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்ஸைடு வேண்டாம். அவை கிருமியோடு புதுத் தோலையும் கொல்லும். குளத்திலும் ஆற்றிலும் முழுக வேண்டாம், புண்ணிய தீர்த்தமானாலும் சரி.

வெளுத்த நீர் கசிந்து பொருக்குக் கட்டினால் பயப்பட வேண்டாம். அது ஆறுகிற அடையாளம். பொருக்கை நகத்தால் பெயர்க்கக் கூடாது. காது கொதித்து, விண்விண் என்று தெறித்து, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வந்தால், சுரம் கண்டால், மிளகாயைத் தேடாமல் டாக்டரைத் தேட வேண்டும். தோட்டை நாமாகவும் பிடுங்கிவிடக் கூடாது. வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும்.

இதற்கெல்லாம் ஆகிற செலவு, எங்கள் வீட்டு விசேஷத்தில் வெற்றிலை பாக்குக்கு ஆன செலவில் பாதி கூட வராது. கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. இடது காதில் ஓட்டை மூடி ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல், தானே வந்து, “மாமா, இன்னொரு காதும் குத்தணும்” என்று கேட்டாள். வலிக்குமே என்றேன். “தெரியும்” என்றாள். தழும்பு கெட்டிப்பட்டு வளருகிற வகையாக இருந்தால் மறுபடி குத்தக் கூடாது என்பதால், முதலில் டாக்டரிடம் காட்டினோம். குத்தலாம் என்று சொல்லிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்குச் சௌகரியப்படுகிறதாம். செவ்வாய்க்கிழமையா என்று பாட்டி ஒரு தரம் கேட்டார்கள். பிறகு அவர்களே உப்பு நீர்ப் புட்டி வாங்கக் காசு எடுத்துக் கொடுத்தார்கள்.