கிரகணத்தின் பெயரை எடுத்துவிடுங்கள்

ஆந்திராவில் உள்ள எங்கள் பாகாலாவில் உதடு பிளந்து பிறக்கும் குழந்தையைத் தெலுங்கில் ‘கிரகணம் மொர்ரி’ என்பார்கள். வீட்டில் தமிழ் பேசும் நாங்களும் அதையே சொல்லிப் பழகினோம். சொல்லும்போதே தாயின் தலையில் பழி ஏற்றிவிடுகிற பெயர் அது.

1980 பிப்ரவரி 16, பிற்பகல். சூரிய கிரகணம். தெருவே கதவடைத்துக் கிடந்தது. எதிர்வீட்டுக் குழந்தை பசியில் அழ, ஐந்து மாதக் கர்ப்பிணியான என் அம்மா ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். ஜூனில் நான் பிறந்தேன், மேலுதட்டில் சிறு பிளவோடு. “கிரகணத்துல கத்தியத் தொட்டியே, அதான்” என்றாள் பாட்டி.

மூன்றாம் மாதத்தில் காட்பாடி ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். தையல் ஆறியபின், விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அம்மா தழும்பை நீவிவிடுவாள். “தப்பு பண்ணிட்டேன் கண்ணு” என்பாள். நான் வளர்ந்த பிறகும் சொன்னாள்.

மேலுதடு உருவாவது கர்ப்பத்தின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில். இரு பக்கத்திலிருந்தும் வளரும் சதை நடுவில் வந்து சேராவிட்டால் பிளவு. அதாவது, கிரகணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே என் உதடு இப்படித்தான் என்று ஆகிவிட்டது. பரம்பரை, புகை, சில வலிப்பு மாத்திரைகள் எனக் காரணங்கள் உண்டு. பல குழந்தைகளுக்கு இன்னதென்று பிரித்துச் சொல்லவே முடியாது. உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது, கிரகணத்துக்குக் கதவடைக்காத நாடுகளிலும்.

2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் 18 வயதுவரை இதற்கு இலவச சிகிச்சை உண்டு. 2022இல் திருப்பதி தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை வளாகத்தில் இதற்கென்றே மையம் திறந்தார்கள். அண்ணமும் பிளந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி, நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் புகட்ட வேண்டும். பிரசவ அறையில் தாய் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தெலுங்கில் ‘பெதவி சீலிக’, தமிழில் ‘உதட்டுப் பிளவு’ என்று நேரான சொற்கள் இருக்கின்றன. செவிலியரும் ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஆசிரியரும் இனி அவற்றையே சொல்ல வேண்டும்.

இந்த மாதக் கணக்கை அம்மாவுக்கு நான் சொன்னபோது நாற்பது வருடம் ஓடியிருந்தது. விரல் மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். “அப்போ அந்தக் கொய்யாப்பழம் இல்லையா?” என்று கேட்டாள்.

இன்னொரு தாயை இவ்வளவு காலம் காக்க வைக்காதீர்கள்.