மரத்தை எரிச்சா கார்பன் பூஜ்யமா? “பசுமை” ஃபண்ட் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

இ.எஸ்.ஜி. ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. அதுக்கு முன்னாடி, இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் இருக்கிற டிராக்ஸ் மின்நிலையத்தோட கணக்கைப் பார்த்துடலாம்.

ஒரு காலத்தில் அது பிரிட்டனின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம். ஆறு யூனிட்டில் நாலை மர பெல்லட்டுக்கு மாத்திட்டாங்க. பெல்லட் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவிலிருந்து கப்பலில் வருது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, மரம் எரியும்போது வெளியாகிற கார்பன் டை ஆக்ஸைடு நிலக்கரியை விடக் குறைவு இல்லை. ஆனா பிரிட்டனின் மின்துறைக் கணக்கில் அது பூஜ்யம்! இது மோசடி இல்லைங்க, சர்வதேச விதியே அப்படித்தான். மரம் வெட்டின நாட்டோட நிலக் கணக்கில் அது வந்துடும். எரிக்கிற நாட்டிலும் எழுதினா இரட்டைப் பதிவு ஆகிடும்.

ஒரு சி.ஏ.வா இந்த லாஜிக் எனக்குப் புரியுது. ஆனா செலவு வேற ஒருத்தர் புக்கில் இருக்குன்னா, செலவே இல்லைன்னு அர்த்தமா? வெட்டின மரம் திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். கார்டை இன்னைக்குத் தேய்ச்சுட்டு, ட்யூவைப் பேரன் தலையில் கட்டற மாதிரிதான் இது.

அடுத்து, வருமானம். இந்த பிசினஸ் அரசு மானியத்தை நம்பி ஓடுது. இப்போதைய மானியம் 2027 மார்ச்சோட முடியுது. 2031 வரைக்குமான புது ஏற்பாட்டில் மானியம் பாதியாகும்னு 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அறிவிச்சது. 2024-ல், கனடா மரத்தைப் பற்றிய தகவல்களைச் சரியா வைச்சுக்காததுக்காக டிராக்ஸ் 2.5 கோடி பவுண்டு கட்ட வேண்டி வந்தது. மானியம் தப்பாக் கொடுக்கப்பட்டதுக்கு ஆதாரம் இல்லைன்னும் ஒழுங்குமுறை அமைப்பு சொல்லிடுச்சு.

என் கருத்து இதுதான்: எப்படியும் மக்கிப்போற மரத்தூளை எரிச்சா ஓகே. எரிக்கறதுக்காகவே முழு மரத்தை வெட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவர்றதைப் பசுமைன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

நீங்க செய்ய வேண்டியது மூணு:

1. ஃபண்ட் ஃபேக்ட்‌ஷீட்டில் டாப் 10 கம்பெனிகளைப் பாருங்க.
2. கம்பெனியோட ஆண்டறிக்கையில் உயிரி எரிபொருள் உமிழ்வைத் தேடுங்க. அது ஸ்கோப் 1-ல் சேராம தனி வரியா இருக்கும்.
3. மானியத்தைக் கழிச்சா லாபம் மிஞ்சுதான்னு பாருங்க.

உங்க ஃபண்டில் என்ன கிடைச்சதுன்னு கமெண்ட்டில் சொல்லுங்க.