சுவருக்குச் சுவர்

மனை சின்னது என்று தெரிந்ததும் நம் ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: "ஓர் அங்குலம்கூட வீணாக்காதீங்க." மேஸ்திரி சொல்வார், மாமனார் சொல்வார், பக்கத்து மனையில் ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர் மதில்மேல் கையூன்றிக்கொண்டு சொல்வார். அவர்களைப் பொறுத்தவரை, தளம் போடாமல் விட்ட இடமெல்லாம் வீண். இந்த அறிவுரையைக் கேட்டுக் கட்டிய வீடுகள்தான் தாம்பரத்தைத் தாண்டியும் ஆவடியைத் தாண்டியும், மதுரை, கோவை, திருச்சியின் விரிவாக்கப் பகுதிகளிலும் வரிசை வரிசையாக நிற்கின்றன. பகல் பதினோரு மணிக்கும் டியூப்லைட் எரியும் வீடுகள்.

அறிவுரை முழுக்கத் தலைகீழ். மனை சுருங்கச் சுருங்கத் திறந்த இடத்தின் தேவை கூடத்தான் செய்கிறது. ஐந்து கிரவுண்டில் பங்களா கட்டுபவர் முற்றம் வைக்காவிட்டாலும் நாலு பக்கமும் அவருக்குக் காற்று வரும்; முற்றம் அவர் வீட்டுக்கு ஒரு நகை. இருபதடி அகலத்தில், இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நிற்கும் இடத்தில் கட்டுகிறவருக்கு அதுதான் மூக்கு.

கணக்குப் போட்டே பார்ப்போம். 20க்கு 40, அதாவது 800 சதுர அடி. இரண்டு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. சுவருக்குச் சுவர் கட்டினால் முன்னால் வண்டி நிறுத்த ஒரு போர்டிகோ, அதன் பின்னே ஹால், அடுத்து ஒரு படுக்கையறை, அதை ஒட்டி ஒரு அட்டாச்டு பாத்ரூம், கடைசியில் சமையலறையும் இன்னொரு படுக்கையறையும். காகிதத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஜன்னல் எங்கே வைப்பது என்று கேட்கும்போதுதான் சிக்கல். தெருப்பக்கம் போர்டிகோ மறைக்கிறது. பின்பக்கம் அடுத்த தெரு வீட்டின் சுவர் நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட படுக்கையறைக்கு ஹாலைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும் ஜன்னல்! அதற்குத் திரைச்சீலை வேறு.

புழுக்கமான தட்பவெப்பம் உள்ள இடங்களில் ஓர் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு. பத்துக்குப் பத்து அறைக்கு அது கிட்டத்தட்ட 17 சதுர அடி. நாலடிக்கு நாலடியைவிடச் சற்றே பெரிய ஒரு ஜன்னல். அதுவும் வெளிக்காற்றைப் பார்த்துத் திறக்க வேண்டும். ஹாலைப் பார்க்கும் ஜன்னல் இந்தக் கணக்கில் சேராது. இப்படிப்பட்ட நடு அறைகளின் முடிவு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். குடிவந்த கொஞ்ச நாளிலேயே அங்கே யாரும் படுப்பதில்லை. மடிக்காத துணி குவிந்த கட்டில், அரிசி மூட்டை, டிவி வந்த அட்டைப்பெட்டி, பழைய மிக்சி. இன்றைக்கு ஒரு சதுர அடி கட்ட 2,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நூறு சதுர அடி அறைக்கு இரண்டு லட்சம். இரண்டு லட்சம் செலவழித்து ஒரு சாமான் அறை கட்டிக்கொண்டு, இடத்தை வீணாக்கவில்லை என்று நிம்மதி அடைகிறோம்.

இந்த நம்பிக்கையை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரரின் ஆசை ஒரு பாதி. மறுபாதி, கட்டுமானத்துக்குக் கூலி பேசும் முறை. நம் ஒப்பந்தங்கள் எல்லாமே சதுர அடிக் கணக்கு. தளம் விழுந்த இடத்துக்குத்தான் பணம். வானம் தெரியும் இடத்துக்குக் காசில்லை. அப்படியிருக்க, "இந்த எட்டடிக்குப் பத்தடியை அப்படியே திறந்து விட்டுடலாம் சார்" என்று எந்த ஒப்பந்தக்காரர் சொல்வார்? சொன்னால் அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரவு குறையும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிழைப்பு அப்படி. ஆனால் அவர் வாயிலிருந்து வருவதைத் தொழில் ஞானம் என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். வீட்டுக் கடனுக்கு மதிப்புப் போட வருகிறவரும் கட்டிய பரப்பைத்தான் அளக்கிறார். வெளிச்சத்துக்கு மதிப்புப் போட அவர் படிவத்தில் கட்டமே கிடையாது.

எதையும் விடாமல் கட்டுவதிலும் மோசமான ஒன்று இருக்கிறது: விட்டும் விடாமல் கட்டுவது. சட்டத்துக்குப் பயந்து ஓர் அடி, ஒன்றரை அடி சந்து விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதேபோல் ஓர் அடி விட்டிருப்பார். இரண்டு வீட்டுக்கும் இடையே ஆள் நுழைய முடியாத ஒரு பிளவு. சாரம் கட்ட முடியாததால் வெளிப்பக்கம் பூச்சு கிடையாது. செங்கல் அப்படியே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழை அந்தச் செங்கலில் ஊறி, தை மாதம் உள்சுவரில் ஓதமாக வந்து பெயின்ட்டை உரிக்கும். மேல்மாடியிலிருந்து விழுந்த பாலிதீன் பையை எடுக்க வழியில்லை. எலிக்கு மட்டும் அது ராஜபாட்டை. அந்தச் சந்தைப் பார்த்துக் குளியலறை வென்டிலேட்டர்கள் இரண்டு வீட்டிலும் நேருக்கு நேர். போதாக்குறைக்கு ஏசியின் வெளிப்பெட்டியை அங்கேயே மாட்டி, நம் வீட்டுச் சூட்டை அடுத்தவர் வீட்டுக்குள் ஊதுகிறோம். அவரும் அதையே செய்கிறார். இது இடம் விட்டதும் ஆகாது, கட்டியதும் ஆகாது.

விதிகள்மீதும் எனக்குக் குறை உண்டு. நாலு பக்கமும் இடம் விட்டு நடுவில் வீட்டை நிறுத்துவது என்ற எண்ணமே பங்களாக்களிலிருந்து வந்தது. இருபதடி மனையில் இரு பக்கமும் மூன்று மூன்று அடி விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது பதினாலடி. இரண்டு ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் பன்னிரண்டரை. நாற்பதடி நீளத்துக்கு விட்ட அந்த 240 சதுர அடியால் உருப்படியான வெளிச்சம் வராது, ஒரு நாற்காலி போடவும் ஆகாது. திறந்த இடத்தைத் துணுக்குத் துணுக்காகச் சிதறவிட்டால் அது பயன்படாது. ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நல்லவேளையாக, குறுகிய மனைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் விட்டால் போதும் என்று விதியே வழி வைத்திருக்கிறது. தொடர் கட்டிடப் பகுதி என்று வகுத்த தெருக்களில் பக்கவாட்டில் விடவே தேவையில்லை. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், மனைப்பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு என்றிருந்த கட்டிடப் பரப்பு அளவை இரண்டு மடங்காக்கின. 800 சதுர அடி மனையில் 1,600 சதுர அடி கட்டலாம். அகலத்தில் விட்டதை உயரத்தில் எடுத்துக்கொள்ள வழி இருக்கும்போது, தரைத்தளத்தையே திணித்து அடைக்க என்ன அவசியம்?

அதே 20க்கு 40ஐ வேறு விதமாகப் போடலாம். முன்னால் ஐந்தடி விடுங்கள். ஒரு பக்கம், முடிந்தால் கிழக்கிலோ தெற்கிலோ, ஐந்தடி விடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் பிற்பகல் காற்று அந்தத் திசைகளிலிருந்துதான் வரும். மறுபக்கச் சுவர் அடுத்த மனையை ஒட்டிய குருட்டுச் சுவர், அதில் ஜன்னலே வேண்டாம். வீட்டின் வெளியளவு 15க்கு 35, அதாவது தளத்துக்கு 525 சதுர அடி. இரண்டு தளத்தில் 1,050. இப்போது வெளிச்சம் தேவைப்படாத எல்லாவற்றையும் குருட்டுச் சுவரோடு ஒட்டிவிடுங்கள்: படிக்கட்டு, பீரோ, பரண், சாமி அலமாரி. ஆள் உட்காரும், படுக்கும், சமைக்கும் இடமெல்லாம் திறந்த பக்கம். குளியலறையைப் பின்கோடியில் வைத்து அதற்கும் அந்தப் பக்கமே ஒரு வென்டிலேட்டர். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வீட்டை மூன்று நான்கு அடி உள்ளே தள்ளிக் கட்டினால் ஐந்தடிச் சந்து அங்கே எட்டு ஒன்பதடி முற்றமாகிவிடும். ஹால், சமையலறை, பின்னறை மூன்றும் அதைப் பார்க்கும். வீட்டின் எந்த அறைக்கும் வெளிச்சுவர் இல்லாமல் போகாது.

படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன வீட்டின் தலையெழுத்தை அதுதான் எழுதுகிறது. போய்த் திரும்பி ஏறும் வழக்கமான படிக்கட்டுக்கு ஆறரையடி அகலமும் பத்தரையடி நீளமும் வேண்டும். ஏறக்குறைய 70 சதுர அடி, வீட்டின் நட்டநடுவில். மூன்றடி அகலத்தில் நடுவே ஒரு நிற்கும் மேடையோடு சுவரை ஒட்டி நேராக ஏற்றினால் பதினேழு அடி நீளம், 50 சதுர அடியில் முடியும். கீழே உயரம் கிடைக்கும் பக்கம் வாஷிங் மெஷின், தாழ்ந்த பக்கம் செருப்பும் சிலிண்டரும். படிக்கட்டின் தலைமேல் போடுகிற ஹெட்ரூமில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால், கீழே சேர்கிற சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

"நிலம் விற்கிற விலைக்கு முற்றமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் விலை கொடுத்தது நிலத்துக்கு. அதன்மேல் கான்கிரீட் போட்டால்தான் அந்தப் பணம் வசூலாகும் என்பது யார் சொன்ன கணக்கு? வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தாலும், வெளிச்சமுள்ள இரண்டு அறை வீடு இருட்டான மூன்று அறை வீட்டைவிட முன்னதாகப் போகும். திருடன் வருவான் என்றால் மேலே இரும்புக் கம்பிச் சட்டம். கொசுவுக்கு வலை. சாரலுக்கு இரண்டடி சன்ஷேடு. முற்றத்துத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு இறக்கிவிட்டால் அரசு கேட்கிற சேகரிப்பும் ஆயிற்று. இவையெல்லாம் பெரிய விஷயமில்லை.

முற்றம் பணக்கார வீட்டுச் சமாச்சாரம் என்ற எண்ணத்துக்குச் சினிமாவும் பொறுப்பு. முற்றம் என்றதும் நமக்குக் காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளே கண்ணுக்கு வருகின்றன. தெருவிலிருந்து தெருவரை நீளும் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு இரண்டு சென்ட்காரர் முற்றத்தை மறந்துவிடுகிறார். அவர் பார்க்க வேண்டியது கும்பகோணம், ஸ்ரீரங்கம் பக்கத்துப் பழைய தெருக்களை. முகப்பு குறுகல், நீளம் அதிகம், இரு பக்கமும் பொதுச்சுவர், பக்கவாட்டில் ஒரு ஜன்னல் கிடையாது. திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்தை ஒட்டி வானம் பார்த்த சின்ன முற்றம். இன்றைய மனைக்காரரின் சிக்கல் அப்படியே அங்கே இருந்தது, விடையும் இருந்தது. புதுச்சேரியின் தமிழர் தெருக்களிலும் இதே ஏற்பாடுதான்.

வாஸ்து பார்ப்பவர்களைக் கண்டால்தான் எனக்கு வியப்பு. அக்னி மூலையில் அடுப்பு வராவிட்டால் தூக்கம் வராது அவர்களுக்கு. அடுப்பை அங்கே கொண்டுபோவதற்காகச் சமையலறையின் ஒரே ஜன்னலைக்கூட அடைப்பார்கள். அதே சாஸ்திரத்தில் 81 கட்டங்களில் நடுவே ஒன்பதைப் பிரம்மஸ்தானம் என்று ஒதுக்கி வைத்திருப்பது மட்டும் வசதியாக மறந்துபோகும். அங்கே பெரும்பாலும் பாத்ரூம் சுவர் நிற்கும்.

நம் ஊர் மட்டும் இந்தக் கேள்வியைச் சந்திக்கவில்லை. அகமதாபாத்தில் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு மலிவு வீட்டை வடிவமைத்தார். கதவருகே நுழைந்த காற்று கூரையின் சரிவோடு மேலேறி உச்சித் திறப்பில் வெளியேறும். ஒசாகாவில் 1976இல் ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ததாவோ ஆந்தோ கட்டிய சுமியோஷி வீட்டின் மனை 600 சதுர அடியைச் சற்றே தாண்டும். அதில் நடுவில் மூன்றில் ஒரு பங்கை அவர் அப்படியே வானத்துக்கு விட்டுவிட்டார். மழை பெய்தால் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குக் குடை பிடித்துப் போக வேண்டும்; அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நவி மும்பையின் பேலாப்பூரில் கொரியா 1980களில் அமைத்த குடியிருப்பில் மிகச் சிறிய மனைகள் 45 சதுர மீட்டர், ஒரு சென்ட்டைவிடக் கொஞ்சமே பெரியவை. அவற்றுக்கும் திறந்த முற்றம் வைத்தார். பிற்பாடு பலர் அந்த வீடுகளை இடித்து மாடி மாடியாக அடைத்துக் கட்டிவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓர் அங்குலம்கூட விடக் கூடாது என்ற நம்பிக்கைக்கு அவ்வளவு பலம்.

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் நடு அறைக்கு ஜன்னல் எங்கே என்று கேட்க இனி வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை. அதனால் ஒப்பந்தம் எழுதும் அன்றைக்கே அவர் ஒன்று செய்யலாம்: திறந்து விடும் முற்றத்துக்கும் சதுர அடிக்குப் பாதி விலை என்று ஒரு வரி சேர்க்கலாம். எண்பது சதுர அடிக்கு எண்பதாயிரம் ரூபாய். தரை போட, வடிகால் வைக்க, கம்பிச் சட்டம் மாட்ட அதில் பெரும்பகுதி போகும். மிச்சம் ஒப்பந்தக்காரரின் லாபம். மறுநாள் காலையிலேயே அவர் வரைபடத்தோடு வந்து, முற்றத்தை இன்னும் இரண்டடி பெரிசாக்கினால் என்ன சார் என்று கேட்பார்.