ஏரியல் கற்றுத் தந்த பாடம்



பழுதான பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல் "மாத்திடலாம்" என்று சொல்ல ஒரு டிப்ளமோ தேவையா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு கார் ஏரியல்!

சென்ற விடுமுறையில் எங்கள் ஊர்ப் பட்டறைக்கு உதவிக்குப் போயிருந்தேன். என்னைவிட வயதில் மூத்த கார் ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. ரேடியோவைப் போட்டால் தானாக மேலே வந்து, நிறுத்தினால் உள்ளே போகும் மின் ஏரியல் அதில் இருந்தது. இப்போதோ 'கர்ர்' என்ற சத்தம் மட்டும்தான். கம்பி பாதியிலேயே நிற்கிறது.

"டிப்ளமோ, நீ பாருடா" என்றார் மேஸ்திரி.

"மோட்டார் போயிடுச்சுண்ணே. செட்டோட மாத்தணும்" என்றேன்.

"மோட்டார் போயிருந்தா சத்தம் எப்படிடா வரும்?"

நான் வாயடைத்துப் போனேன். அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்!

கழற்றிப் பார்த்தோம். பல் வெட்டிய நைலான் கயிறு ஒன்று. அதைத் தள்ளவும் இழுக்கவும் மோட்டாரோடு ஒரு பல்சக்கரம். நாம் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த 'ரேக் அண்ட் பினியன்' தத்துவம்தான்! கம்பி லேசாக வளைந்து, தூசியும் படிந்து இறுகியிருந்தது. பாரம் முழுவதும் நைலான் பல்லில் விழ, கயிறு அறுந்துவிட்டது. சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது.

உள்ளே கிடந்த துண்டை எடுத்துவிட்டு, கயிறோடு கூடிய கம்பியை மட்டும் புதிதாக வாங்கினோம். பல் சக்கரத்தைப் பார்க்கும்படி கயிற்றை நுழைத்து, ரேடியோவை நிறுத்தினோம். மோட்டாரே அதை உள்ளே இழுத்துக்கொண்டது!

சத்தமே வராவிட்டால்? அப்போதும் அவசரம் கூடாது. முதலில் ஃபியூஸ், பிறகு எர்த், அடுத்து ரேடியோவிலிருந்து வரும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் மோட்டார். அடியில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் மோட்டாரே துருப்பிடித்துவிடும்.

"செல்போன் காலத்துல ஏரியல் எதுக்கு?" என்று சில நண்பர்கள் கேலி செய்தார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ. கம்பி வெளியே நின்றால் நன்றாக எடுக்கும். பாதியில் நின்றால் இரைச்சல்தான். வாத்தியார் கேட்பது அந்த ரேடியோவைத்தானே!

எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்குக் கைநாட்டுதான். "எம்புள்ள படிச்சவன், சொன்னா சரியா இருக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று என் பேச்சை நம்பி வாத்தியார் முழு செட்டுக்கும் பணம் கொடுத்திருந்தால், அப்பாவின் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

நம் ஆய்வகத்தில் நன்றாக ஓடும் மாடல்கள் மட்டுமே இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு மேசையில் பழுதான ஏரியல், ஒயிப்பர் மோட்டார், ஹாரன் என்று வைத்தால் என்ன? பழைய சாமான் கடையில் கிடைப்பவைதானே! மாணவர் பேரவை இதை முன்னின்று செய்ய வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

பாகத்தை மாற்றக் காசிருந்தால் போதும்; பழுதைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேண்டும். சிந்திப்போமா நண்பர்களே?

– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை